மருந்து என்கிறார்கள், வாங்கிவிடாதீர்கள்... உஷார்!

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே அலைபேசிக்கு அறிவுரைகள் வரத் தொடங்கிவிடும். முள்சீத்தா இலைக் கஷாயம், காரத்தன்மைத் தண்ணீர் என்று நீளும் அந்த வரிசையில் இப்போது கஞ்சா எண்ணெயும் சேர்ந்திருக்கிறது. “வெளிநாட்டில் டாக்டர்களே எழுதிக் கொடுக்கிறார்கள், நம்ம ஊரில்தான் மறைக்கிறார்கள், நாக்குக்கு அடியில் நாலு சொட்டு விட்டால் கட்டி கரைந்துவிடும்” என்று யாரோ ஒருவர் பேசும் வீடியோ. அதன் கீழே ஒரு எண். பணம் அனுப்பினால் கூரியரில் குப்பி வந்து சேர்கிறது. உயிர்பயத்தில் இருக்கும் குடும்பம் நகையை அடகு வைத்தாவது வாங்கிவிடும். தயவுசெய்து வாங்காதீர்கள்!

இதே பேச்சு இன்னொரு வீட்டில் வேறு வாயிலிருந்து வருகிறது. பையனின் புத்தகப் பையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு அம்மா அழுகிறாள். அவனுக்கு வயது 17. “இது மூலிகைம்மா, சிகரெட்டைவிட நல்லது, அமெரிக்காவில் மருந்துக்கடையிலேயே விற்கிறார்கள்” என்கிறான். பொய் சொல்வதாக அவன் நினைக்கவில்லை. அப்படித்தான் படித்திருக்கிறான், நம்புகிறான். அந்த நம்பிக்கைதான் எனக்கு அச்சமூட்டுகிறது. பொட்டலத்தைப் பிடுங்கிவிடலாம், நம்பிக்கையை அவ்வளவு சுலபமாகப் பிடுங்க முடியாது. பாதி உண்மையின் மேல் கட்டிய நம்பிக்கை என்றால் இன்னும் கஷ்டம்.

அந்தப் பாதி உண்மையை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். கஞ்சாச் செடியிலிருந்து மருந்து எடுக்க முடியும், எடுத்துமிருக்கிறார்கள். இஸ்ரேலிய விஞ்ஞானி ரஃபேல் மெகூலம் 1963-ல் சிபிடி என்ற வேதிப்பொருளின் அமைப்பைக் கண்டறிந்தார். மறுவருடமே சக ஆய்வாளர் யெகியேல் கயோனியுடன் சேர்ந்து, போதை தருவது டிஎச்சி என்ற பொருள்தான் என்று பிரித்துக் காட்டினார். டிஎச்சி ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மூளையில் இருப்பது 1988-ல் தெரியவந்தது. நினைவு, பயம், பசி, வலி, உடலசைவு எல்லாவற்றையும் கவனிக்கும் பகுதிகளில் அவை நெருக்கமாக இருக்கின்றன. கஞ்சா இத்தனை இடங்களில் வேலை செய்வது அதனால்தான். இத்தனை இடங்களில் கெடுப்பதும் அதனால்தான்.

இந்த அறிவிலிருந்து பிறந்த மருந்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்த ட்ரோனபினால், அதைப் போன்ற நபிலோன் ஆகிய இரண்டுக்கும் அமெரிக்காவில் 1985-ல் அனுமதி கிடைத்தது. கீமோதெரபியால் வரும் குமட்டல், வேறு மருந்துக்கு அடங்காதபோது கொடுப்பதற்காக. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் தசைகள் விறைத்துக்கொள்வதற்கு வாயில் தெளிக்கும் ஒரு திரவத்தை பிரிட்டன் 2010-ல் ஏற்றது. மிக அரிதான, கொடுமையான குழந்தைப் பருவ வலிப்பு நோய்களுக்குச் சுத்திகரித்த சிபிடி திரவத்தை அமெரிக்கா 2018-ல் ஏற்றது. நீடித்த வலியில் சிலருக்குக் கொஞ்சம் குறைகிறது என்பதற்கும் ஆதாரம் உண்டு. 2017-ல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் ஆயிரக்கணக்கான ஆய்வுகளை அலசி வெளியிட்ட அறிக்கை, வலி, கீமோ குமட்டல், தசை விறைப்பு ஆகியவற்றுக்குத்தான் உறுதியான ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று அதில் இல்லை. சர்க்கரை நோயை ஓட்டும் என்றும் இல்லை.

அந்த வலிப்பு மருந்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ட்ராவே சிண்ட்ரோம் என்ற நோயுள்ள 120 குழந்தைகள், இளையோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2017-ல் வந்தது. சிபிடி எடுத்தவர்களுக்கு மாதத்துக்குச் சராசரியாக 12 தடவைக்கு மேல் வந்த வலிப்பு 6 தடவைக்குக் குறைந்தது. வெறும் திரவம் எடுத்தவர்களுக்கு ஏறக்குறைய அப்படியே நின்றது. பெற்ற மனத்துக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்ல வேண்டியதில்லை. இது சாத்தியமானது எப்படி? குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் என்று அளந்து கொடுத்தார்கள். 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம். அந்த அளவுக்குக்கூடப் படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். இடையிடையே ரத்தத்தை எடுத்துக் கல்லீரலைப் பரிசோதித்தார்கள். காரணம், சிபிடி கல்லீரல் நொதிகளை உயர்த்தும். நம் ஊரில் வலிப்புக்குச் சர்வசாதாரணமாக எழுதும் வால்ப்ரோயேட் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் அதிகமாக உயர்த்தும். குளோபசாம் மாத்திரையோடு சேர்ந்தால் அதன் வீரியத்தை ரத்தத்தில் பல மடங்கு ஏற்றிக் குழந்தையைத் தூக்கத்திலேயே அமிழ்த்திவிடும். இணையத்தில் பார்த்து எண்ணெய் வாங்கி, டாக்டரிடம் சொல்லாமல் குழந்தைக்கு விடும் அம்மாக்களே, இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்.

குப்பியில் எழுதியிருக்கும் அளவாவது சரியாக இருக்குமா? அமெரிக்காவில் இணையத்தில் விற்கப்பட்ட 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்த ஆய்வு 2017-ல் வெளிவந்தது. லேபிளில் சொன்ன அளவு உள்ளே இருந்தது 26-ல் மட்டும். 18 பொருள்களில் போதை தரும் டிஎச்சி இருந்தது. சட்டமும் சோதனைக்கூடமும் நிறைந்த நாட்டிலேயே இந்தக் கதி. கைமாறிக் கைமாறி வரும் பெயரில்லாத குப்பிக்கு யார் பொறுப்பு?

“சித்தாவிலும் ஆயுர்வேதத்திலும் இருக்கிறதே” என்று கேட்பார்கள். இருக்கிறது. கூடவே இன்னொன்றும் இருக்கிறது. நம் நாட்டு மருந்து விதிகளில், சித்தா, ஆயுர்வேத, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுப் பொருள்களுக்கென்று தனிப் பட்டியல் உண்டு. விதை நீங்கலாகக் கஞ்சா அந்தப் பட்டியலில் நிற்கிறது. அது சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்று அச்சடித்தாக வேண்டும். நம் வைத்தியர்கள் அதை அறியாமல் கையாளவில்லை. சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, குன்றிமணி அளவில் கொடுத்தார்கள். அவர்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு, கஞ்சாவின் ஆயுர்வேதப் பெயரிலேயே ‘விஜயா’ எண்ணெயை வீடியோவில் நாடி பார்த்துத் தள்ளிவிடும் கூட்டத்துக்கும் அந்த மரபுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

கஞ்சாவை மருந்தாக்கும் முயற்சிக்கு 180 வருடக் கதையும் உண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய வில்லியம் ஓஷாநெஸி என்ற ஐரிஷ் மருத்துவர், இங்குள்ளவர்கள் கஞ்சாவைப் பயன்படுத்தும் முறைகளைக் கேட்டறிந்து, விலங்குகளிடம் சோதித்து, பிறகு டெட்டனஸ், காலரா, குழந்தை வலிப்பு ஆகியவற்றுக்குக் கொடுத்துப் பார்த்து 1839-ல் எழுதினார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஆர்வமாக எடுத்துக்கொண்டன. கொஞ்ச காலத்திலேயே தலைவலி தொடங்கியது. ஒரு சீசா ஒன்றும் செய்யாது, அடுத்த சீசா ஆளையே கிறங்க வைத்துவிடும். செடிக்குச் செடி, வயலுக்கு வயல் வீரியம் மாறியது. அளவைப் பிடிக்க முடியாத மருந்தை மருத்துவர்கள் மெதுவாகக் கைவிட்டார்கள். சட்டக் கெடுபிடிகளும் சேர்ந்துகொண்டன. 1942-ல் அமெரிக்க மருந்து நூலிலிருந்து கஞ்சா நீக்கப்பட்டது. அன்று அவர்களைத் தோற்கடித்த அதே சிக்கல்தான் இன்று நம் கையில் இருக்கும் குப்பியிலும் பொட்டலத்திலும் இருக்கிறது.

புற்றுநோய்க்கு வருகிறேன். சோதனைக்கூடத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்களின் மேல் டிஎச்சியை ஊற்றினால் சில செல்கள் சாகின்றன என்பது உண்மை. தட்டில் செல்லைக் கொல்வதற்கு எத்தனையோ பொருள்கள் உண்டு. மனித உடம்புக்குள் போய்க் கட்டியைக் கரைத்ததாக எந்தப் பெரிய மருத்துவ ஆய்வும் காட்டவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்கள் சங்கம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையான ஆய்வுக்கு வெளியே கஞ்சாவைப் புற்றுநோய்க்கான சிகிச்சையாகப் பயன்படுத்தக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. இம்யூனோதெரபி எடுப்பவர்களுக்கு இன்னொரு கவலை. கஞ்சாவும் சேர்த்து எடுத்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை குறைவாகவே பலித்தது என்று இஸ்ரேலில் நடந்த ஆய்வுகள் கூறின. அவை சிறிய ஆய்வுகள்தான். ஆனாலும் லட்சக்கணக்கில் செலவழித்து ஏற்றும் மருந்தின் பலனை ஒரு குப்பி எண்ணெய்க்காகப் பணயம் வைக்கலாமா? கீமோவால் வெள்ளையணுக்கள் குறைந்து கிடக்கும்போது புகைத்தால் இன்னும் ஆபத்து. காய்ந்த கஞ்சாவில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வளரும். நல்ல உடம்பு அதைத் தாங்கிக்கொள்ளும், எதிர்ப்புச் சக்தி போன நுரையீரல் தாங்காது.

“கட்டி கரைய வேண்டாம், வலியாவது குறையட்டுமே” என்று கேட்கும் குடும்பத்திடம் எப்படிக் கோபப்பட முடியும்? இரவெல்லாம் முனகுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அவர்களிடம் நான் சொல்ல விரும்புவது மார்ஃபின் மாத்திரையைப் பற்றி. புற்றுநோய் வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 1986-லிருந்தே பரிந்துரைக்கும் மருந்து அது. விலையும் குறைவு. 2014-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் அதை வைத்துக் கொடுப்பதைச் சுலபமாக்கியது. எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு ஒரு தடவை, மலச்சிக்கலுக்கு என்ன என்று எல்லாம் தெரிந்த மருந்து. அப்படியிருந்தும் “ஐயோ மார்ஃபினா, அது கடைசிக் கட்டமாச்சே, பழகிடுமே” என்று மறுத்துவிட்டு, பெயர் தெரியாத எண்ணெயை வரவழைக்கிறோம். என் மனத்தை மிகவும் அறுப்பது இதுதான். வலி நிவாரணப் பிரிவு எங்கே இருக்கிறது என்று உங்கள் மருத்துவமனையில் கேளுங்கள். குமட்டலுக்கும் அப்படியே. ஒண்டான்செட்ரான் போன்றவை எந்த ஊரிலும் கிடைக்கின்றன. அவற்றுக்கும் அடங்கவில்லை என்றால் அதற்கு மேலும் மருந்துகள் இருக்கின்றன.

இனி அந்த 17 வயதுப் பையன். அவனுடைய தாத்தா காலத்துக் கஞ்சா இல்லை அவன் பொட்டலத்தில் இருப்பது. அமெரிக்காவில் பிடிபட்ட சரக்கில் 1995-ல் சுமார் 4 சதவீதமாக இருந்த டிஎச்சி, 2014-ல் 12 சதவீதமாகிவிட்டது. அதன்பின் இன்னும் ஏறிவிட்டது. நம் பக்கம், ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வரும் சரக்கு ஒருபுறம் இருக்க, தாய்லாந்திலிருந்து விமானத்தில் வரும் ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபடுகிறது. மண்ணில்லாமல், விளக்கொளியில், வீரியத்துக்காகவே வளர்க்கப்பட்டது அது. விலை அதிகம் என்பதால் ‘உயர்தரம்’ என்று பெயர் வேறு. மூளைக்கு அது உயர்ந்த ஆபத்து.

எவ்வளவு ஆபத்து? சுவீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களை 15 வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்தது, எடுக்காதவர்களைவிட 6 மடங்கு அதிகம். 1987-ல் வந்த ஆய்வு அது. 2019-ல் ஐரோப்பாவின் பல ஊர்களிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு, தினமும் எடுப்பவர்களுக்கு மனநோய் வரும் வாய்ப்பு 3 மடங்கு என்றது. டிஎச்சி 10 சதவீதத்துக்கு மேலுள்ள வீரியமான சரக்கைத் தினமும் எடுப்பவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. ஏற்கெனவே மனநோய்க்கான கூறு இருப்பவர்கள்தான் கஞ்சாவை நாடுகிறார்கள் என்று வாதிடுவோர் உண்டு. அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் தன் மகனின் ரத்தத்தில் அந்தக் கூறு இருக்கிறதா என்று எந்தப் பெற்றோருக்குத் தெரியும்? சித்தப்பா ஒருவர் ‘ஒரு மாதிரி’ இருந்தார், அத்தை ஒருத்தி வீட்டைவிட்டு வெளியே வராமலே இருந்தாள் என்ற குடும்பக் கதைகளை மூடிவைத்திருப்போம். அப்படி ஒரு கதை உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளைகளிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கஞ்சா அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல் ஆபத்து.

அந்த மனநோய் எப்படித் தொடங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதலில் தூக்கம் போகும். இரவு மூன்று மணிக்கு மொட்டைமாடியில் நடப்பான். குளிக்க மாட்டான். நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்வார்கள், அல்லது அவனே கழற்றிவிடுவான். பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான், அலைபேசியில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சிம்மை உடைத்துப் போடுவான். சாப்பாட்டில் ஏதோ கலந்துவிட்டீர்கள் என்று அம்மாவையே சந்தேகப்படுவான். தனியாகச் சிரிப்பான், யாருக்கோ பதில் சொல்வான். நம் வீடுகளில் இந்தக் கட்டத்தில் செய்வினை என்கிறோம், தாயத்துக் கட்டுகிறோம், கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகும் என்கிறோம். மாதங்கள் ஓடிவிடுகின்றன. மனநோய்க்குச் சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அவ்வளவு மெதுவாகத்தான் மீட்சியும் வரும். “கஞ்சாவால் வந்ததுதானே, நிறுத்தினால் சரியாகிவிடும்” என்று விட்டுவிடவும் கூடாது. டென்மார்க்கில் கஞ்சாவால் மனநோய் வந்தவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பின்னாளில் மனச்சிதைவு அல்லது இருமுனைக் கோளாறுக்கு ஆளானார்கள். முதல் தடவை வந்தபோதே மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள். சென்னைக்காரர்களுக்கு 1794-லிருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அங்கே மனநலப் பிரிவு உண்டு.

ஒரு இழுப்பு இழுத்தாலே பைத்தியம் பிடித்துவிடும் என்று பள்ளி மேடைகளில் முழங்குகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. அப்படிப் பிடிப்பதில்லை. இழுத்த பையன் மறுநாள் நன்றாக எழுந்து வருவான். “பெரியவர்கள் சொன்னது பொய்” என்று முடிவு கட்டிவிடுவான், அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் கேட்க மாட்டான். எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மனநோய் வருவதில்லை. மதுவைப்போல் அளவு மீறி மூச்சு நின்று சாவதும் அபூர்வம். இதையெல்லாம் மறைக்காமல் சொல்லிவிட்டு, மூளை 25 வயதுவரை வளர்கிறது, தொடங்கும் வயது எவ்வளவு சிறியதோ சேதம் அவ்வளவு பெரியது என்பதையும் சொன்னால் அவன் காது கொடுப்பான்.

“இதுக்கு அடிமையாக முடியாது, வேண்டாம்னா விட்டுடுவேன்” என்பதும் அடிக்கடி கேட்கும் பேச்சு. சிறுவயதில் தொடங்குபவர்களில் சுமார் 6 பேரில் ஒருவர் விட முடியாமல் மாட்டிக்கொள்கிறார். விட முயன்ற இரண்டாம் நாளே எரிச்சல், தூக்கமின்மை, சோற்றைக் கண்டால் வெறுப்பு, வியர்வை. ஒரு வாரம் உச்சம், அதன்பின் மெல்லத் தணியும். மறுபடி இழுத்தால் இதெல்லாம் போய்விடுகிறது, உடனே “பார், இதுதான் எனக்கு மருந்து” என்கிறான். மனப் பதற்றத்துக்காக எடுப்பதாகச் சொல்லும் பலரின் பதற்றமே இப்படி வந்ததுதான். எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019-ல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, கஞ்சா வகைகளால் பிரச்சினைக்குள்ளாகி உதவி தேவைப்படும் இந்தியர்கள் 72 லட்சம் பேர்.

இன்னொரு நோயைப் பற்றி நம்மில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். பல வருடங்களாகத் தினமும் எடுப்பவருக்கு ஒரு நாள் வாந்தி தொடங்கும். காலையில் எழுந்ததும் குமட்டல், வயிற்று வலி, நாளுக்கு இருபது முப்பது தடவை வாந்தி. அல்சர் என்பார்கள், கணையம் என்பார்கள், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுப்பார்கள். ஒன்றும் அகப்படாது. ஒரே ஒரு விசித்திரம்: கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளித்தால் மட்டும் அடங்கும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை குளியலறையிலேயே கிடப்பார்கள். தென் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதைக் கவனித்து 2004-ல் எழுதினார்கள். குமட்டலை நிறுத்தும் என்று பெயர் வாங்கிய அதே கஞ்சாதான் காரணம்! குறைந்த அளவில் குமட்டலை அடக்குவது, நாள்பட்ட மிகை அளவில் அதையே கிளப்பிவிடுகிறது. பாவம், வாந்தி நிற்கட்டும் என்று இன்னும் அதிகமாக இழுப்பார்கள். உடம்பில் நீர் வற்றிச் சிறுநீரகம் பழுதானவர்கள் உண்டு, இறந்தவர்களும் உண்டு. முழுதாக நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை. காரணம் தெரியாத தொடர் வாந்தியோடு வருகிறவர்கள், டாக்டர் கேட்காவிட்டாலும் கஞ்சாப் பழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். போலீஸில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து மறைத்து, வெட்டிச் செலவில் மாதங்களைக் கழிக்காதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன்பும் அப்படியே. வாடிக்கையாக எடுப்பவருக்கு மயக்க மருந்து கூடுதலாகத் தேவைப்படலாம், நாடித்துடிப்பு தாறுமாறாகலாம். மயக்கவியல் நிபுணரிடம் ஒளிக்கக் கூடாத விஷயம் இது. கஞ்சா புகைத்த அடுத்த ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்கு கூடியிருந்ததாக 2001-ல் ஓர் ஆய்வு கண்டது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுகிறவர்களுக்குச் சிபிடி எண்ணெய் அந்த மாத்திரையின் வேகத்தைக் கூட்டி ரத்தக்கசிவில் கொண்டுவிடலாம். மசக்கைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் கர்ப்பிணிகள் காதிலேயே வாங்கக் கூடாது. டிஎச்சி தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, பிறக்கும் எடை குறைகிறது. தாய்ப்பாலிலும் நாட்கணக்கில் தங்குகிறது. போதையில் பைக் ஓட்டுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சாக்லேட் வடிவத்தில் வருவதைப் பற்றித் தனியாகத்தான் எச்சரிக்க வேண்டும். திருப்பூர், கோவை, சென்னை என்று பல ஊர்களில் கஞ்சா சாக்லேட் பிடிபட்ட செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தின்றால் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஒன்றும் தெரியாது. கல்லீரலுக்குள் போய், மூளையை இன்னும் வேகமாகப் பிடிக்கும் வேறொரு பொருளாக மாறி வெளிவரும். “ஒண்ணும் ஏறலையே” என்று இன்னொரு துண்டு தின்பவர்தான் மாட்டிக்கொள்கிறார். அமெரிக்காவின் கொலராடோவில் 2014-ல், 19 வயது மாணவர் ஒருவர் கடையில் முறையாக விற்ற பிஸ்கட்டில் சொன்னபடி ஒரு துண்டு மட்டும் தின்றார். அதில் 10 மில்லிகிராம். ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு மணி நேரத்துக்குள் மீதியையும் தின்றுவிட்டார். மொத்தம் 65 மில்லிகிராம். நிலை தடுமாறி, நான்காவது மாடியிலிருந்து குதித்து இறந்துபோனார். குழந்தைகளுக்கு மிட்டாயும் இதுவும் ஒன்றாகத்தானே தெரியும். அமெரிக்காவில் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இப்படித் தெரியாமல் தின்றதாகப் பதிவானவை 2017-ல் 207. 2021-ல் அது 3,054. வீட்டில் தவறிப்போய் அப்படி ஒரு குழந்தை தின்று, தள்ளாடினாலோ எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன தின்றது என்பதை மறைக்காதீர்கள். குழந்தைகளில் மூச்சு அடங்கும் அளவுக்குப் போவதுண்டு.

பொட்டலத்தில் கஞ்சா மட்டும்தான் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் எடை கூட்டுவதற்காகக் கஞ்சாவில் ஈயத்தைக் கலந்து விற்றார்கள். வயிற்றுவலியும் ரத்தசோகையுமாக 29 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்ந்த பிறகுதான் அது வெளியே வந்தது. 2019-ல் அமெரிக்காவில் டிஎச்சி திரவம் நிரப்பிய மின்குழல்களை இழுத்தவர்களின் நுரையீரல் வெந்துபோனது. திரவத்தைக் கெட்டியாக்கக் கலந்த வைட்டமின் ஈ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரிந்தது. மறுவருடம் பிப்ரவரிக்குள் 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள், 68 பேர் இறந்திருந்தார்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985-ஆம் வருடப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 1 கிலோவரை ‘சிறிய அளவு’. அதற்கே ஒரு வருடம்வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு, குறைந்தபட்சமே 10 வருடம். தாய்லாந்து 2022-ல் தடையை நீக்கியதை நம்பிப் போன நம் பிள்ளைகளைச் சிலர் ‘குருவி’யாக்குகிறார்கள். ஓசியில் டிக்கெட், திரும்பும்போது ஒரு பெட்டி. அந்தத் தாய்லாந்தே 2025-ல் பின்வாங்கி, மருத்துவச் சீட்டு இருந்தால்தான் உண்டு என்று மாற்றிவிட்டது. சிங்கப்பூரில் 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை. ஏறக்குறைய ஒரு கிலோ கஞ்சாக் கடத்தலுக்கு உடந்தை என்ற குற்றத்துக்காக 2023-ல் அங்கே ஒரு தமிழர் தூக்கிலிடப்பட்டார். சிங்கப்பூர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் எடுத்துவிட்டுத் திரும்பினாலும் குற்றம்தான். வேலைக்காக வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும் உறவினர் கையில், முழங்கால் வலிக்கு நல்லது என்று கஞ்சா எண்ணெயை வைத்து அனுப்பிவிடாதீர்கள்.

பழக்கத்தில் விழுந்தவர்களுக்கு அதே சட்டத்திலேயே ஒரு கதவு திறந்திருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்டவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சையை முழுமையாக முடித்தால், 64-ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். மகன் பேசத் தயாராக இல்லாவிட்டால் முதலில் நீங்கள் பேசுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே அந்த எண்ணெய்க் குப்பி இருக்கிறதா? நோயாளி சில வாரங்களாக எடுத்துக்கொண்டிருக்கிறாரா? பயந்துபோய்க் கழிவறையில் கொட்டிவிட்டு மௌனமாகிவிடாதீர்கள். குப்பியின் லேபிளை எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். எத்தனை சொட்டு, எத்தனை வேளை, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். அவர் சாப்பிடும் மற்ற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, நாளைக் காலையிலேயே சிகிச்சை தரும் டாக்டரைப் பாருங்கள். கல்லீரல் பரிசோதனையை இப்போதே செய்ய வேண்டுமா, எந்த மாத்திரையின் அளவை மாற்ற வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள்.